ஏணியில் நின்ற தாய்மாமன்

காலையில் சாப்பிட உட்கார்ந்தால் என் தட்டுக்குப் பக்கத்தில் மூடி திறக்காத தண்ணீர்ப் பாட்டில் ஒன்று இருக்கும். மற்றவர்களுக்கெல்லாம் சொம்பில் தண்ணீர். நான் இந்த வீட்டில் பிறந்தவன். இருபத்தைந்து வயதுவரை இந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன். டைபாய்டு வந்து நாற்பது நாள் கிடந்ததும் இதே கூடத்தில்தான். என் தங்கை லூர்துக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். ஆனாலும் தினமும் பாட்டில் வாங்கி வைக்கிறாள். "உனக்கு ஒத்துக்காது அண்ணே" என்கிறாள். தெருமுனை டீக்கடைக்குப் போனால் எனக்கு மட்டும் நாற்காலி. மற்றவர்கள் நின்றுகொண்டு குடிப்பார்கள். "முசே, சக்கர கம்மியா?" என்று, பிரெஞ்சில் ஐயா போட்டு, கேட்கிற கடைக்காரரின் அப்பாவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "சரிங்க முசே" என்றார்.

ஊரில் இருக்கிற உங்களுக்கும், என்னைப் போல விமானம் ஏறிப் போனவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. புதுச்சேரியில் எங்கள் வீட்டைச் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்பார்கள். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவரால் எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டுதான் நான் பாரிசுக்குப் போனேன். இந்த வருடம்தான் ஓய்வு பெற்றேன். ஆகஸ்டில் வந்தேன், பிப்ரவரியில் திரும்பிப் போவேன். இந்த ஆறு மாதமும் தங்கை வீட்டில்தான் இருப்பு. தங்கை, அவள் கணவர் ஆரோக்கியம், ஒரே மகள் கிளாரா, பிறகு நான். கிளாரா ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர்.

இந்த வருடம் வந்து இறங்கிய அன்றே வாசலில் நின்று மேலே பார்த்தேன். ஓட்டுக்கூரையின் விளிம்போரமாக மழைத்தண்ணீரைப் பிடித்துக் குழாய்க்குக் கொண்டுபோக ஒரு தகர வாய்க்கால் இருக்குமே, அது இல்லை. அதாவது இருந்தது. துரு அதைத் தின்று, வலைமாதிரி ஆக்கி வைத்திருந்தது. அப்பா அதைக் 'குத்தியேர்' என்பார். தெருவில் வெறுமனே 'தகரம்' என்பார்கள். தெருப்பக்கம் ஒன்று, உள்ளே முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஒன்று. எல்லாம் ஒரே கதி. கடற்காற்று இரும்பைச் சும்மா விடாது. தகரத்துக்குள் போகவேண்டிய தண்ணீர் போன வருடம் பூராவும் சுவரில் இறங்கியிருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு பாளம் பாளமாக விழுந்து உள்ளே செங்கல் தெரிந்தது. உத்தரத்தின் முனையை விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போனது. இதற்கு என் மச்சான் ஆரோக்கியம் செய்திருந்த வைத்தியம், யாரோ ஒரு தலைவரின் பிறந்தநாள் பிளெக்ஸ் பேனர். அதைத் தகரத்துக்கு அடியில் தொட்டில்போலக் கட்டியிருந்தார். தலைவர் எங்கள் வீட்டுத் தண்ணீரை வாயில் வாங்கிக்கொண்டு சிரித்தபடி தொங்கினார்.

"ஆளு யாரும் கெடைக்கல மச்சான்" என்றார் ஆரோக்கியம்.

"நான் இருக்கேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. லூர்து சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். ஏன் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும்.

நான் முப்பத்தைந்து வருடம் பிரான்சில் கூரை வேலை செய்தவன். துத்தநாகத் தகட்டை வெட்டி, மடக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கூரைக்கும் குத்தியேருக்கும் போடுவது என் தொழில். அங்கே அதற்குக் குவ்ரேர் என்று பெயர். ஆனால் இந்த ஊரில் நான் பிரான்சில் அரசாங்க அதிகாரி. மேரியில், அதாவது நகராட்சியில், மேசை போட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவன். இந்தப் பொய்யை நான் சொல்லவில்லை. நான் போன இரண்டாம் வருடம், பாரிசுக்கு வடக்கே ஒரு சின்ன நகரத்தில் மேரி கட்டடத்துக் கூரையில் மூன்று வாரம் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அதே கோட்டோடு அந்தக் கட்டடத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். பின்னால் 'நான் வேலை செய்யும் மேரி' என்று எழுதி அம்மாவுக்கு அனுப்பினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அம்மா அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டி, வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். அடுத்த லீவில் வந்தபோது பங்குச் சாமியாரே, "நகராட்சியில எந்த டிப்பார்ட்மென்ட்?" என்று கேட்டார். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அம்மா பக்கத்தில் நின்றாள். சொல்லவில்லை.

அதன்பிறகு அந்தப் பொய் தானாகவே வளர்ந்தது. ஒருமுறை சாரத்திலிருந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டேன். ஊரில் 'ஆபீஸ் மாடிப்படியில சறுக்கிட்டாராம்' என்று பேச்சு. சாரம் என்ற சொல்லே எங்கள் வீட்டில் இல்லை. விமானம் ஏறியவர்களே, சிரிக்காதீர்கள். ஓட்டலில் தட்டுக் கழுவுகிற நீங்கள் ஊரில் மேனேஜர். இரவுக் காவலுக்கு நிற்கிற நீங்கள் செக்யூரிட்டி ஆபீசர். லீவுக்கு வரும்போது கைக்கு கிரீம் தடவிக் காய்ப்பை மறைக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். நானே தடவியிருக்கிறேன்.

இந்தமுறை மறைப்பதாக இல்லை என்று முடிவு செய்தேன். ஆனால் காலம் சரியில்லை. கிளாராவுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பையன் பிரான்சில் இருக்கிறான். அவனுடைய அப்பா முசே பெலிக்ஸ், பட்டாளத்துப் பென்ஷன்காரர், இங்கே நாலு தெரு தள்ளி இருக்கிறார். அவர்களிடம் ஆரோக்கியம் என்னைப் பற்றி அளந்துவிட்டிருந்தார். தாய்மாமன் மேரி அதிகாரி என்பதுதான் எங்கள் பக்கத்தின் பெரிய சொத்து.

"அண்ணே, கல்யாணம் முடியட்டும். அப்புறம் நீ கூரை மேல ஏறு, கோபுரத்து மேல ஏறு, யாரு கேக்கப்போறா?" என்றாள் லூர்து.

"கல்யாணம் நடந்தாலும் பொங்கலுக்கு அப்புறம்தான். மழை ஐப்பசியில வந்துடும். உத்தரம் அதுவரைக்கும் காத்துகிட்டு இருக்குமா?"

"வேற ஆள வச்சு செய்வோம்."

"ரெண்டு வருஷமா ஆளு கெடைக்கலன்னு அந்தத் தலைவரைக் கட்டித் தொங்கவிட்டிருக்கீங்க. எனக்குத் தெரிஞ்ச வேலைய நான் செய்றதுக்கு யாருகிட்ட உத்தரவு கேக்கணும்?"

அவளிடம் கத்தினேன். தப்புதான். ஆனால் என் கோபம் அவள்மேல் மட்டும் அல்ல. பாரிசில் ஒரு கிழவி வீட்டில் குத்தியேர் மாற்றினேன். நான் ஏணியிலிருந்து இறங்கியதும் காப்பி கொண்டுவந்து, சேறு ஒட்டின பூட்சோடு என்னைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். பொந்திஷேரி என்றேன். "அங்கே வீடுகளுக்குக் கூரை உண்டா?" என்று கேட்டாள். "உண்டு மதாம். முந்நூறு வருஷம் அந்தக் கூரைக்குக் கீழே உங்கள் ஆட்கள்தான் இருந்தார்கள்" என்றேன். நான் ஏதோ விருந்தாளிகளைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்துச் சந்தோஷமாகச் சிரித்து இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரியிடம் 'என்னுடைய குவ்ரேர்' என்று என்னைப் பெருமையாகச் சொல்லி வேலை பிடித்துக் கொடுத்தாள். அதே தெருவில் வாடகைக்கு வீடு கேட்டபோது, என் முகத்தைப் பார்த்ததும் வீடு போய்விட்டது என்று கதவைச் சாத்தினார்கள். அங்கே என் தோல்தான் தகராறு. இங்கே தோலில் ஒன்றும் இல்லை, கைதான் தகராறு. யார் எந்த வேலை செய்யலாம், எதைச் செய்தால் கௌரவம் போகும் என்று இந்த ஊரில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஞானஸ்நானத் தண்ணீரில்கூட அது கரையவில்லை.

மறுநாளே தகடு தேடிக் கிளம்பினேன். துத்தநாகத் தகடு இங்கே கிடைக்கவில்லை. ஹார்டுவேர் கடையில் பிளாஸ்டிக் போடச் சொன்னார்கள். இந்த வெயிலில் நாலு வருடத்தில் அப்பளமாக நொறுங்கும். கடைசியில் தவளக்குப்பத்தில், கடலூர் ரோட்டின்மேல், ஏழுமலை என்பவரின் பட்டறைக்குப் போனேன். ஓட்டல் அடுப்புகளுக்குப் புகைக்கூண்டும், மீன் ஏற்றுகிற ஐஸ் பெட்டிகளுக்குத் தகடும் மடக்கித் தருகிறவர். மடக்கும் மெஷின் வைத்திருந்தார். இரும்பில் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு, நல்ல கனம். நான் கத்தரியை வாங்கி ஓரத்தை வெட்டிப் பார்த்தேன்.

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "முசே, நீங்க தொழில்காரரு" என்றார்.

முப்பத்தைந்து வருடத்தில் இந்த மண்ணில் என்னைச் சரியாக அடையாளம் கண்ட முதல் ஆள் அவர்தான். அந்த மகிழ்ச்சியில் எனக்குத் தலைக்கனம் ஏறியது. அவர் அளவு கேட்டதும் பாரிஸ் அளவைச் சொன்னேன். மடக்கினால் சாண் அகலம்கூட வராது.

"இன்னா முசே இது, கோழிக்குத் தண்ணி வெக்கறீங்களா?"

"முப்பத்தஞ்சு வருஷம் இதே அளவுதான் போட்டேன். ஒண்ணுகூட வழிஞ்சதில்ல."

"அங்க மழ எப்பிடி?"

"தூறும். நாள் பூரா தூறும்."

"இங்க தூறாதே. வந்தா கொட்டுமே. இன்னும் பாதி அகலம் சேத்துப் போடுங்க."

கேட்கவில்லை. முற்றத்துப் பக்கம் மூன்று நாள் வேலை செய்து பூட்டினேன். மீட்டருக்கு எவ்வளவு சரிவு என்று மட்டம் வைத்துப் பார்த்து, ஈயத்தை இழைத்து, கண்ணாடிபோல முடித்தேன். அந்த வாரமே ஒரு சாயங்காலம் இடி இடித்து மழை வந்தது. ஓட்டிலிருந்து இறங்கிய தண்ணீர் என் அழகான தகரத்தை ஒரே தாவலில் தாண்டி, நேராக முற்றத்தில், அங்கே நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த என் தலையில் விழுந்தது. கிளாரா துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். "மாமா, இது பிரான்ஸ் மழைக்குச் செஞ்சதா?" என்றாள். ஆமாம். என் கைக்குத் தெரிந்தது வேறு நாட்டு மழை. மறுநாள் எல்லாவற்றையும் கழற்றித் தவளக்குப்பத்துக்கு எடுத்துப் போனேன். ஏழுமலை சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அவர் சொன்ன அகலத்தில் மடக்கிக் கொடுத்தார். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. தொழிலில் தப்பு செய்தால் கழற்றி மாட்டலாம். மாட்டினேன். அடுத்த மழைக்கு ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

முற்றத்துக்குள் வேலை செய்தவரை வீட்டில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. வெளியே தெரியாதல்லவா? தெருப்பக்கம் ஏணியைச் சாய்த்த அன்றுதான் சண்டை. அது ஒரு சனிக்கிழமை. பதினொரு மணிக்கு முசே பெலிக்ஸும் அவர் மனைவியும் முதல்முறையாக வீடு பார்க்க வருவதாக இருந்தது. "பத்து மணிக்கு எறங்கிடு அண்ணே. குளிச்சிட்டு அந்த வெள்ளச் சட்டையப் போட்டுக்க" என்று லூர்து நாலு தடவை சொன்னாள். இறங்குவதாகத்தான் இருந்தேன், சத்தியமாக. ஆனால் பத்து மணிக்குக் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. வாசலுக்கு நேர் மேலே ஒரு இணைப்பு பாதியில் இருந்தது. அதை அப்படியே விட்டால் மழைத் தண்ணீர் நேராக உத்தரத்தின் முனைக்குப் போகும். பத்தரைக்கு ஆரோக்கியம் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"மச்சான், போதும். பின்பக்கமா எறங்கி கொல்லை வழியா உள்ள வந்துடுங்க. யாரும் பாக்க வேணாம்."

பின்பக்கமாக. என் அப்பா கட்டிய வீட்டுக்குள் நான் கொல்லை வழியாக வரவேண்டும். "வேலை முடிஞ்சதும் வாசல் வழியா வரேன்" என்றேன்.

கார் சீக்கிரமே வந்துவிட்டது. முசே பெலிக்ஸ் இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை, நிமிர்ந்த முதுகு. அவர் மனைவி பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏணிக்கு இந்தப் பக்கம் நின்றார். நான் நீல வேலை உடுப்பில், கையில் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலோடு மேலே.

"ஏம்பா, ஏணியக் கொஞ்சம் நகத்து. அம்மா உள்ள போவணும்" என்றார் முசே பெலிக்ஸ்.

"நகத்த முடியாதுங்க. ஈயம் எறுகணும். அப்பிடியே சொவத்தோரமா போங்க."

வாசலில் ஆரோக்கியம் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். பக்கத்தில் லூர்து. முசே பெலிக்ஸ் உள்ளே காலை வைத்துவிட்டு, "உங்க மச்சான் முசே சூசைராஜ் இருக்காரா? அவரப் பாக்கத்தான் முக்கியமா வந்தோம்" என்றார்.

"கோயிலுக்குப் போயிருக்காரு. வந்துடுவாரு" என்றார் ஆரோக்கியம்.

லூர்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். பேசாதே என்று கெஞ்சுகிற பார்வை. அம்மாவுக்குப் பக்கத்தில் சாமியார் முன்னால் நான் நின்ற மாதிரியே இப்போதும் நிற்கலாம். ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டால் போதும். என் வீட்டு வாசலில், என் தலைக்குக் கீழேயே, நான் இல்லை என்று சொல்கிறார்கள்.

"கோயிலுக்குப் போகல. இங்கதான் நிக்கிறேன்" என்றேன். "நான்தான் சூசைராஜ். பொண்ணோட தாய்மாமன்."

முசே பெலிக்ஸ் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். என் உடுப்பை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "ஆ! பிரிக்கோலாழ்!" என்றார். பிரெஞ்சுக்காரர்கள் ஓய்வு நேரத்தில் வீட்டு வேலைகளைத் தாங்களே செய்துகொள்வார்கள். டாக்டரும் நீதிபதியும்கூடச் செய்வார்கள். அது அங்கே ஒரு பொழுதுபோக்கு. அதற்குப் பெயர்தான் அது. "அங்க இருந்தவங்களுக்கு இந்தப் பழக்கம் வந்துடும். எங்க கர்னல்கூட வீட்டுக்கு அவரேதான் பெயின்ட் அடிப்பாரு" என்று மனைவியிடம் விளக்கினார்.

"ஆமாங்க, ஆமாங்க! சும்மா இருக்கமாட்டாரு" என்றார் ஆரோக்கியம். லூர்துக்கு மூச்சு வந்தது. அந்த மனுஷன் எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்தார். மரியாதையாக நுழைந்து இறங்கியிருக்கலாம். வேலையும் நடந்திருக்கும், கௌரவமும் இருந்திருக்கும்.

"பொழுதுபோக்கு இல்ல முசே. இதுதான் என் தொழில். முப்பத்தஞ்சு வருஷம். மேரியில நான் உள்ள உக்காந்ததே இல்ல, அது மேல உக்காந்திருக்கேன்."

அவர்கள் உள்ளே போனார்கள். காப்பி குடித்தார்கள். பலகாரத்தைத் தொடவில்லை. கால் மணி நேரத்தில் சுவரோரமாக வெளியே வந்து, மேலே பார்க்காமல் காரில் ஏறினார்கள். நான் இணைப்பை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். மழை கொட்டியது. உத்தரம் நனையவில்லை. வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

கிளாரா மட்டும் பேசினாள். முற்றத்தில் காப்பி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். 'உன் கல்யாணம் பொய்யில தொடங்கக் கூடாதுன்னுதான்...' என்று ஆரம்பித்தேன்.

"எனக்காகன்னு சொல்லாதீங்க மாமா. உங்களுக்காகத்தான் ஏறுனீங்க."

"ஆமா" என்றேன்.

"உங்க கையப் பாத்தா தெரியாதா எனக்கு? பேனா புடிச்ச கையா அது? கட்டிக்கப்போற அவருகிட்ட எப்பவோ போன்ல சொல்லிட்டேன். அவரும் சொல்லிட்டாரு. குடோன்ல பெட்டி அடுக்குற வேலையாம். அவங்கப்பா மேனேஜர்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியிறாரு. எங்க ரெண்டு பேருக்கும் இதுல ஒண்ணுமே இல்ல. பெரியவங்க நீங்கதான் ஒருத்தருக்கொருத்தர் மறைச்சிகிட்டு எங்களப் போட்டுக் கொல்றீங்க." டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "கேட்டிருக்கலாம்ல என்னை? ஒரு வார்த்தை?"

கேட்கவில்லை. அவளுக்கு என்ன தெரியும், அவளுக்கு என்ன வேண்டும் என்று இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

பத்து நாள் கழித்து முசே பெலிக்ஸ் ஆரோக்கியத்தைக் கூப்பிட்டுவிட்டார். பையன் பிடிவாதமாக இருக்கிறான், கல்யாணம் நடக்கட்டும். ஆனால் ஒன்று. பத்திரிகையில் தாய்மாமன் பெயருக்குக் கீழே 'அரசு அதிகாரி, ஓய்வு, பிரான்ஸ்' என்று வரவேண்டும். நம் ஊர்ப் பத்திரிகை உங்களுக்குத் தெரியும். பெயருக்குக் கீழே என்ன வேலை, எந்த ஊர் என்று போடாவிட்டால் அந்த ஆள் ஆளே இல்லை. அவருக்கு உண்மை தெரியும். என் வாயாலேயே, ஏணியில் நின்று சொல்லக் கேட்டவர். தெரிந்துகொண்டே அந்த வரியைக் கேட்டார். சொந்தக்காரர்களிடம் ஏற்கெனவே அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாராம்.

"ஒரே ஒரு லைன் மச்சான்" என்றார் ஆரோக்கியம், பிரஸ்காரன் கொடுத்த மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு. "எல்லாரும் ஒரு தடவ பாத்துட்டுக் குப்பையில போடப்போற காகிதம்."

"குப்பையில போடப்போற காகிதம்தானே? அதுல கூரை வேலைன்னு போடு."

"என் புள்ள வாழ்க்கையில வெளையாடுறியா அண்ணே?" என்று லூர்து அழுதாள். "நீ பிப்ரவரியில பிளேன் ஏறிப் போயிடுவ. இந்தத் தெருவுல இருக்கப்போறது நாங்க. அம்மா செத்ததுக்கப்புறம் ஒரு நல்லது நடக்கல இந்த வீட்டுல. உன் பேரச் சொல்லித்தான் நாங்க தல நிமிந்து நடந்தோம்."

"என் பேரச் சொல்லி இல்ல. இல்லாத ஒருத்தன் பேரச் சொல்லி" என்றேன். "இந்த வீட்டுப் பின்கட்டு, உன் கல்யாணம், இவளோட படிப்பு, எல்லாம் அந்தக் கூரைலேருந்துதான் வந்துச்சு. மேசையிலேருந்து வரல. அந்த வரியைப் போட்டா கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்."

தாய்மாமன் இல்லாமல் எங்கள் வீட்டில் கல்யாணம் நடக்காது. அதை வைத்துத்தான் மிரட்டினேன். மிரட்டியதும் கிளாரா அந்த மாதிரித் தாளை அப்பாவின் கையிலிருந்து வாங்கினாள். பேனாவால் ஒரு கோடு கிழித்தாள்.

"மாமா பேரு இருக்கும். அதுக்குக் கீழ ஊரு இருக்கும். வேலை இருக்காது. இதுக்குமேல யாரும் பேசக்கூடாது. அவங்க வீட்டுல நானே சொல்லிக்கிறேன்."

"அதுல பொய் இருக்காது, சரி. உண்மையும் இருக்காதே" என்றேன்.

"இருக்காது. ஆனா அது என் கல்யாணப் பத்திரிகை மாமா. உங்க வழக்கு இல்ல."

ஒப்புக்கொண்டேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அவள் கேட்டது நியாயம், அதனால் ஒப்புக்கொண்டேன். முசே பெலிக்ஸும் முனகிக்கொண்டே சரி என்றார். டிசம்பரில் பத்திரிகை அச்சாகி வந்தது. தங்க எழுத்து. பெரியப்பா மகன் பெயருக்குக் கீழே எஞ்சினியர், சென்னை. சித்தப்பா பெயருக்குக் கீழே தலைமை ஆசிரியர், ஓய்வு. என் பெயருக்குக் கீழே வெறும் பிரான்ஸ். பிறந்து வளர்ந்து, கூரை வேலையும் செய்த இந்தத் தெருவில் என்னை யார் என்று சொல்ல அந்த ஒரு நாட்டின் பெயர்தான் அச்சாகியிருக்கிறது. கல்யாணத்துக்குப் போனேன். தாய்மாமன் சீர் எல்லாம் முறையாகச் செய்தேன். முசே பெலிக்ஸ் கைகுலுக்கினார். என் உள்ளங்கைக் காய்ப்பு பட்டதும் அவர் கையை எடுத்துக்கொண்ட வேகத்தை நான் கவனிக்காமல் இல்லை.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் திரும்ப ஏணியைச் சாய்த்தேன். வாசலுக்கு மேலே, தெருவைப் பார்த்த மாதிரி, தகரத்துத் தண்ணீர் எல்லாம் வந்து குழாயில் இறங்குகிற இடத்தில் ஒரு பெட்டி செய்து வைத்திருந்தேன். பாரிசுக் கூரைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் கடைசித் தகட்டின் உள்பக்கத்தில் கூர்க்கம்பியால் தன் பெயரைக் கீறி வைப்பான். அடுத்து அதைப் பிரிக்கிறவன்தான் பார்ப்பான், அதற்குள் இவன் செத்திருப்பான். நான் எப்போதும் தமிழில் கீறினேன். முதலாளி ஒருநாள் எட்டிப் பார்த்து, "மந்திரமா?" என்றார். "பெயர்" என்றேன். அந்த நகரத்துக் கூரைகளுக்குள், யாருக்கும் தெரியாத இடத்தில், யாருக்கும் படிக்க வராத எழுத்தில் என் பெயர் கிடக்கிறது.

இங்கே வெளிப்பக்கம் கீறினேன். பட்டப்பகலில், டீக்கடைக்காரர் பார்க்க, எல்லோருக்கும் படிக்க வருகிற எழுத்தில் எழுதவேண்டும் என்றுதான் கம்பியை வைத்தேன். அங்கே காகிதங்களில் கையெழுத்துப் போட்ட பழக்கமோ என்னவோ, கை தானாகப் பிரெஞ்சு எழுத்தில் தொடங்கிவிட்டது. இரண்டு எழுத்து போனபிறகுதான் பார்த்தேன். தகட்டில் கீறினால் அழிக்க முடியாது. அதை அப்படியே விட்டு, பக்கத்தில் தமிழில் முழுப்பெயரையும் எழுதி, அதற்குக் கீழே 'கூரை வேலை' என்று கீறினேன். லூர்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வந்து ஏணியின் காலை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

இது துத்தநாகம் அல்ல, பூச்சு பூசிய இரும்பு. கீறிய இடத்தில் பூச்சு போய்விடும். இந்த உப்புக்காற்றில் முதலில் துருப்பிடிக்கப்போவது அந்தக் கோடுகள்தான். தெரிந்தேதான் கீறினேன். இப்போதைக்கு ஏணியில் ஏறினால்தான் படிக்க முடியும். இரண்டு மழைக்காலம் போகட்டும். துரு ஏற ஏற எழுத்து சிவந்து, கீழே தெருவில் நடக்கிறவர்களுக்கும் தெரியும். அப்போது நான் எந்த ஊரில் இருப்பேனோ. அந்த இரண்டு பிரெஞ்சு எழுத்தும் சேர்ந்துதான் தெரியும்.